கோச்சிக்கு முன்னால்

ஊரடங்கு ஐந்து மணிக்கு விலகியது. ஐந்தே காலுக்குச் சின்னத்தங்கம் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தாள். கணவனின் மழைக்கோட்டு அவளுக்குக் கணுக்கால்வரை தொங்கியது. தோளில் நீளப்பிடிச் சுத்தியல், கையில் டோர்ச், இடுப்பில் சுருட்டிச் செருகிய இரண்டு கொடிகள். மழை விட்டிருந்தது. ஆனாலும் இருபுறமும் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கி, வரம்புகள் எங்கே என்று தெரியாமல் கிடந்தன.

கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் போனாள். தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டாள். இறுகியது ஒரு மாதிரிச் சத்தம் போடும், தளர்ந்தது வேறு மாதிரி. தளர்ந்ததைக் கண்டால் இரண்டு அடி ஓங்கிப் போட வேண்டும். முதல் நாள் எல்லாச் சத்தமும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டது. இது ஆறாம் நாள். இப்போது கை தானாகவே நின்று திரும்பி அடித்தது. ஆனால் அடிக்கொரு தரம் நிமிர்ந்து பின்னால் பார்ப்பதை மட்டும் அவளால் விட முடியவில்லை. யாரும் வரவில்லை என்று தெரிந்தாலும் பார்த்தாள்.

இந்த வேலை அவளுடையதல்ல. அவள் கணவன் கோணாமலை பதினொரு வருடமாக ரயில் பாதையில் கெசுவல் ஆள், நிரந்தரமில்லாத நாட்கூலி. ஊர்வாயில் கோச்சி எனும் காலை முதல் ரயில் வருமுன் சித்தாண்டிப் பக்கத்து ரயில் கேற்றிலிருந்து தெற்கே மூன்று மைல் நடந்து, பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவூரிலிருந்து மஜீட் அதேபோல வடக்கே மூன்று மைல் நடந்து வருவார். நடுவில் ஒரு மருதமரத்தடியில் இருவரும் சந்தித்து, இலக்கம் வெட்டிய பித்தளை வில்லைகளை மாற்றிக்கொள்வார்கள். மற்றவரின் வில்லையைக் கொண்டுபோய் ஸ்ரேசனில் வைத்தால்தான் முழுத் தூரமும் நடந்ததாகக் கணக்கு. போன வருடம் அந்த முஸ்லிம் ஊருக்கும் இந்தத் தமிழ் ஊருக்கும் நடுவில் வீடுகள் எரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த மாதங்களிலும், ரயில் ஓடிய நாளெல்லாம் வில்லைகள் கை மாறின.

ஐப்பசி முடிவில் கோணாமலைக்கு ஒரு கடிதம் வந்தது. தை மாதம் நேர்முகம், அதன் பிறகு நிரந்தரம். அதுவரை ஒரு நாளும் வரவு தவறக்கூடாது. கடிதம் வந்து பத்தாம் நாள் இராணுவ முகாமிலிருந்து வந்து ஊரைச் சுற்றி வளைத்தார்கள். முப்பது ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் பெரும்பாலானோர் திரும்பினார்கள், அந்த இரண்டு நாளும் ரயில் ஓடவில்லை. கோணாமலையை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கால்கள் இரண்டும் தரையில் வைக்க முடியாதபடி வீங்கிக் கறுத்திருந்தன. முகாமில் இருந்தான் என்று எழுதினால் பெயரை வெட்டிவிடுவார்கள். காய்ச்சல் என்று எழுதினால் வரவு தவறிவிடும். அன்று பின்னேரமே சின்னத்தங்கம் ஸ்ரேசனுக்குப் போய் மாஸ்ரர் வல்லிபுரத்தின் முன்னால் நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைப் பார்க்காமலே பேசினார்.

"புத்தகத்தில கோணாமலைட கையெழுத்து இருந்தாச் சரி. விடிய இருட்டுக்குள்ள ஆர் நடக்கிறதெண்டு நான் காணல்ல."

இரண்டாம் மைல்கல்லைத் தாண்டியபோது சத்தம் மாறியது. தவளைகளின் இரைச்சலுக்கு மேலே தண்ணீர் விழும் சத்தம். சின்னத்தங்கம் டோர்ச்சை முன்னால் பிடித்தாள். மதகு இருந்த இடத்தில் தண்டவாளம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. கீழே தாங்கும் மண்மேடு இல்லை. பதினைந்து அடி நீளத்துக்கு மண்ணையும் சல்லிக்கல்லையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆறேழு சிலிப்பர்க்கட்டைகள் தண்டவாளத்தில் தொங்கியபடி ஆடிக்கொண்டிருந்தன.

அந்த இடத்தைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். மதகின் இருபுறமும் மண் சரியாமல் பழைய சிலிப்பர்க்கட்டைகளை வரிசையாக நட்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆவணி மாதம் முகாமிலிருந்து ட்ராக்டர் வந்து, பங்கர் கட்ட என்று அந்தக் கட்டைகளைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு கோணாமலை மூன்று தரம் புத்தகத்தில் எழுதினான். மண் இறங்குகிறது என்று. மூன்று தரமும் யாரும் வரவில்லை.

ரயில் தெற்கிலிருந்து வரும். அவள் நிற்பது வடக்குப் பக்கம். சுத்தியலைப் போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள். ஒரு தண்டவாளத்தை இரு கைகளாலும் பிடித்து, தொங்கும் கட்டையில் முழங்காலை வைத்தாள். கட்டை சரிந்தது. கை வழுக்கியது. கீழே பார்க்காமல் அடுத்த கட்டைக்குப் போனாள். நடுவில் ஒரு கட்டை இல்லை. அங்கே தண்டவாளத்தில் வயிற்றை வைத்து, புழுவைப் போல இழுத்து இழுத்துப் போனாள். மறுகரை மண்ணில் கை பட்டதும் எழுந்து ஓடத் தொடங்கினாள்.

மருதமரத்தடியில் மஜீட் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, தலையில் தொப்பிக்கு மேலே பொலித்தீன் பை. அண்ணன் முறையில் அவரை அவள் காக்கா என்பாள். கோட்டும் சுத்தியலும் இல்லாமல், சேறு படிந்த சேலையோடு ஓடி வருபவளைக் கண்டதும் எதிரே வந்தார்.

"என்ன புள்ள? ஆரும் துரத்துறாங்களா?"

"மதகு போயிட்டுது காக்கா. தண்டவாளம் அந்தரத்தில நிக்கிது."

மஜீட் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு பத்து.

"கோச்சி ஆறரைக்கு ஏறாவூர விட்டு வெளிக்கிட்டிரும். ஓடிப் போய்ச் சேரேலாது" என்றார். "பட்டாசும் இல்லையே."

தண்டவாளத்தில் வைத்து எஞ்சின் ஏறும்போது வெடித்து ஓட்டுநருக்கு அறிவிக்கும் தகரப் பட்டாசுகள் முன்பு ஒவ்வொருவரிடமும் பத்து இருந்தன. வெடிபொருள் என்று சொல்லி முகாமில் வாங்கி வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது.

"கொடி இருக்கு" என்றாள் சின்னத்தங்கம்.

"கொடியா? நீ செல்றது விளங்குதா புள்ள? நட்ட நடு வயல்வட்டைக்குள்ள ரெண்டு பேர் நிண்டு கோச்சிய மறிச்சா அவங்க என்ன நினைப்பாங்க? எஞ்சினுக்குப் பின்னால முதல் பெட்டி முழுக்க ஆமி."

"அதுக்காக விடுறதா காக்கா?"

"விடச் சொல்லல்ல." மஜீட் தலையிலிருந்த பையைக் கழற்றி உதறினார். "வளைவுல நிண்டாக் கிட்ட வந்த பிறகுதான் காணுவான். அங்கால நேர்ப் பாதைக்குப் போவம். தூரத்திலேயே காணட்டும். நீ கொடியத் தா, நான் பிடிக்கிறன். நீ கீழ இறங்கி நில்லு."

"ஆம்பிளையக் கண்டாச் சுடுவாங்க. பொம்பிளையக் கண்டா ஒருக்கா யோசிப்பாங்க."

இருவரும் தெற்கே ஓடினார்கள். மஜீட்டுக்கு மூச்சு இழுத்தது. நின்று நின்று ஓடினார். வளைவு கழிந்து நேர்ப் பாதை தொடங்கும் இடத்தில் விடிந்துவிட்டது. குடையின் துணியைக் கிழித்துக் கம்பியிலிருந்து பிரித்து, குடைத்தடியில் சிவப்புக்கொடியைக் கட்டினார். சின்னத்தங்கம் தண்டவாளத்தின் நடுவே ஏறி நின்றாள். ஒரு கையில் கொடி. மற்றக் கையை விரித்து உயர்த்தினாள், அதில் ஒன்றுமில்லை என்று தெரியும்படி. மஜீட் அவளுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"கீழ இறங்குங்க காக்கா. உங்களுக்கு ஆறு புள்ளைகள்."

"உனக்கு ரெண்டு. எண்ணிப் பாத்தா நிக்கிறம்?"

தண்டவாளம் முதலில் காலடியில் அதிர்ந்தது. பிறகு எஞ்சினின் விளக்கு. அது நெடுநேரம் ஒரே அளவில் இருப்பதுபோல் தெரிந்து, திடீரென்று பெரிதானது. கூவியது. சின்னத்தங்கம் கொடியை அசைத்தாள். ஈரத் துணி தடியோடு ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தது. அவள் தடியைத் தலைக்கு மேலே பக்கத்துக்குப் பக்கம் வீசினாள். மஜீட் உரக்க எதையோ ஓதிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் இரும்பில் கிறீச்சிட்டன. வண்டி நிற்கவில்லை, ஆனால் தளர்ந்தது. அவர்களுக்கு எண்பது பாகம், ஐந்நூறு அடியளவு, முன்னால் ஒரு குலுக்கலோடு நின்றது.

நின்றதும் இருபுறமும் சிப்பாய்கள் குதித்தார்கள். ஒருவன் வானத்தை நோக்கிச் சுட்டான். கொக்குகள் வயலை விட்டு எழுந்தன. சின்னத்தங்கத்தை முகம் கீழே படும்படி சல்லிக்கல்லில் படுக்க வைத்தார்கள். முதுகில் சப்பாத்துக் கால் ஒன்று அழுத்தியது. மஜீட் பக்கத்தில் கிடந்தபடியே சிங்களத்தில் விடாமல் பேசினார். பாலம், தண்ணீர், பாலம், தண்ணீர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் அவளுக்கு விளங்கியது.

ஓட்டுநரும் ஒரு அதிகாரியும் நான்கு சிப்பாய்களும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. திரும்பி வந்த ஓட்டுநர் வண்டியின் படியில் உட்கார்ந்து சிகரெட் ஒன்றைப் பற்றவைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சி அணைந்தன. நாலாவதையும் எறிந்துவிட்டு, எழுந்து சின்னத்தங்கத்திடம் வந்தார். தன் துவாயை அவளிடம் நீட்டினார். அப்போதுதான் நெற்றியிலிருந்து இரத்தம் வழிவது அவளுக்குத் தெரிந்தது. பெட்டிகளின் ஜன்னல்களிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது. குழந்தையொன்று அழுதது. ரயில் பின்னோக்கி ஏறாவூருக்குப் போனது.

பத்து மணிக்கு வடக்கேயிருந்து தண்டவாளத் தள்ளுவண்டியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பாதைக்குப் பொறுப்பானவர் அவர்தான். உடைந்த மதகின் அந்தப் பக்கத்தில் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பலகைகளை அடுக்கி வழி செய்து இந்தப் பக்கம் வந்ததும், முதலில் மஜீட்டைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மஜீட் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் மறுபடி ஏதோ சொன்னார். மஜீட் குரலை உயர்த்தினார்.

"நான் கண்டது வெள்ளம் சேர். வெள்ளமெண்டுதான் செல்லுவன்."

பிறகு இன்ஸ்பெக்டர் சின்னத்தங்கத்திடம் வந்தார். ஒரு கல்லில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். கோபமாக இருப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் களைத்துப் போயிருந்தார்.

"ஆறு நாளா நீதான் நடக்கிற, என்ன?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"பயப்படாத. புத்தகத்தில உன்ட புருசன்ட கையெழுத்து இருக்கு. அது அப்பிடியே இருக்கட்டும். இண்டைக்கும் அவன்தான் நடந்தான். அவன்தான் கோச்சிய மறிச்சான். நீ தேத்தண்ணி கொண்டு வந்தனி, கூட நிண்டனி. நான் அப்பிடியே எழுதுறன். இப்பிடி ஒரு வேலை செய்தவனுக்குத் தையில நேர்முகம்கூடத் தேவைப்படாது. நேரே நிரந்தரம்."

"ஓம் ஐயா."

"ஆனா ஒண்டு." பையிலிருந்து தட்டச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "அவன் வரேக்குள்ள ஆரோ மதகடியில மண்ணயும் கல்லையும் கிண்டி எடுத்திட்டு ஓடினதக் கண்டதெண்டு இதில இருக்கு. ஆக்கள் ஆரெண்டு தெரியா. அவ்வளவுதான்."

"ஆரும் கிண்டல்ல ஐயா. தண்ணி அடிச்சுக்கொண்டு போனது. முட்டுக்கட்டை இல்லாததால."

இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். சிப்பாய்கள் தூரத்தில் நின்றார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"தண்ணி எண்டு எழுதினா, ஏன் முட்டு இல்லையெண்டு கேப்பாங்க. கட்டை எங்க எண்டு கேப்பாங்க. கொண்டு போனது ஆரெண்டு நான் எழுதவா? இல்ல நீ எழுதுவியா? கொண்டு போகச் சொல்லி வாயால விட்டது நான்தான். துவக்கோட வந்து கேட்டாங்க, நான் என்ன செய்யிறது?"

"அப்பிடி எழுதினா ஊருக்குள்ள வருவாங்களே ஐயா."

"அது நானும் நீயும் தடுக்கிற விசயமா? எப்பவும் வாறவங்கதானே." தாளை அவள் கையில் வைத்தார். "பின்னேரம் அஞ்சு மணி மட்டும் ஸ்ரேசனில இருப்பன். கையெழுத்தோட வந்தா அவன் வேலைக்குள்ள. வெறும் தாளா வந்தா, ஆறு நாள் வேலைக்கு வராம வேற ஆள அனுப்பினதெண்டு எழுத வேண்டி வரும். எனக்கு வேற வழி இல்ல."

வீட்டுக்கு வரும்போது ஒரு மணியைத் தாண்டிவிட்டது. வேலியோரத்தில் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவனுக்கு இருபது, இளையவனுக்குப் பதினெட்டு. சுற்றிவளைப்பு நாளில் இருவரும் வயலுக்குள் தண்ணீரில் கழுத்தளவு படுத்திருந்து தப்பியவர்கள். புருசன் இல்லாதவள்.

"என்னகா, கோச்சிய மறிச்சியாமே? நெத்தியெல்லாம் என்னகா இது? ஊரெல்லாம் கதைக்குது. இனிக் கோணாமலை அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகுமெண்டு செல்றாங்க."

"பாப்பம் மச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோணாமலை பாயில் சுவரோடு சாய்ந்திருந்தான். கால்கள் இரண்டும் சுருட்டிய சாக்கின்மேல் நீட்டியிருந்தன. ஆமணக்கெண்ணெய் தடவி இலை வைத்துக் கட்டியிருந்தாள், அதை அவன் அவிழ்த்து எறிந்திருந்தான். ஆறு நாளாக அவனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாயோடு நகர்ந்து நகர்ந்து வாசலுக்கும் சுவருக்குமாகப் போய் வந்தான். அவளிடமிருந்து தாளை வாங்கி இரண்டு தரம் படித்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"பேனை எங்க?" என்றான்.

"போடப்போறீங்களா?"

"பின்ன? பதினொரு வருசம் தங்கம். மழையெண்டும் வெயிலெண்டும் பாராம நடந்திருக்கன். நான் எழுதினது மூண்டு தரம், ஒருத்தன் வந்து பாத்தானா? இப்ப ஒரு கையெழுத்து. ஆக்கள் ஆரெண்டு தெரியாதெண்டுதானே எழுதிக் கிடக்கு. ஆரையும் காட்டிக் குடுக்கல்லயே."

"ஆரெண்டு தெரியாட்டித்தான் எல்லாரையும் ஏத்துவாங்க."

"நான் போடாட்டி விடுவாங்களா? இவங்களுக்கு என்ட கையெழுத்து வேணுமா ஊருக்குள்ள வாறதுக்கு?"

அவள் முகட்டுச் சட்டத்தில் செருகியிருந்த பேனையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் தாளைத் தொடையில் வைத்துக் குனிந்தான். வெளியே அன்னப்பூரணி மூத்தவனைக் கூப்பிட்டாள். வெளியே எங்கும் போக வேண்டாம் என்றும், சேட்டுப் போட்டுக்கொண்டு ஏன் முற்றத்தில் நிற்கிறாய் என்றும் ஏசினாள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"உங்கட காலப் பாத்திட்டுப் போடுங்க" என்றாள் சின்னத்தங்கம்.

கோணாமலை நிமிரவில்லை. பேனையின் முனை தாளுக்கு மேலே நின்றது. பிறகு பேனையை மூடினான். தாளை நாலாக மடித்து அவளிடம் நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கெதியாப் போ. அஞ்சு மணிக்கு முதல் குடுக்க வேணும்."

ஸ்ரேசனில் இன்ஸ்பெக்டர் தாளை விரித்துப் பார்த்தார். வெற்றிடத்தை விரலால் தடவினார். வல்லிபுரத்திடம் வரவுப் புத்தகத்தை வாங்கி, ஆறு நாள் கையெழுத்துகளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். பிறகு வேறொரு தாளில் தன் கையால் எழுதத் தொடங்கினார். வல்லிபுரம் அவர் தோளுக்கு மேலால் படித்தார்.

"என்ன மாஸ்ரர் எழுதுறார்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"காரணம் நிச்சயமில்லை, சந்தேகத்துக்கு இடமுண்டு எண்டு" என்றார் வல்லிபுரம். "என்னையும் விளக்கம் கேட்டிருக்கு."

மதகை மூன்று நாளில் திருத்தினார்கள். கட்டைகள் ஏறாவூர்ப் பக்கமிருந்து புதிதாக வந்தன. நாலாம் நாள் ஊருக்குள் கிராம அலுவலரான விதானையார் வந்தார், பின்னால் ஜீப். கோவிலடியில் சனத்தைக் கூட்டி முகாமின் கடிதத்தை வாசித்தார். பாதைக்குச் சேதம் விளைவிக்கப்பட்டதாகச் சந்தேகம் இருப்பதால், நாளை முதல் மருதமரத்தடியிலிருந்து கேற்றுவரை மூன்று மைலுக்கும் ஊர்ச்சனம் கோச்சிக்கு முன்னால் நடக்க வேண்டும். காலையும் பின்னேரமும். வீட்டுக்கு ஒருவர். வராத வீட்டின் பெயரை முகாமுக்குக் கொடுக்க வேண்டும்.

சின்னத்தங்கம் அன்றே ஸ்ரேசனுக்குப் போனாள். ஒரேயொரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது.

"அவர எடுக்காட்டிப் பரவாயில்ல மாஸ்ரர். அந்தப் பாதைத் துண்டுக்கு ஆள் தேவைதானே? நான் நடந்து பழகிட்டன். என்னைக் கெசுவலாப் போட ஏலாதா?"

வல்லிபுரம் மேசையில் கிடந்த தந்தியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு அவளால் ஆங்கிலம் படிக்க முடியாது என்பது நினைவுக்கு வந்து, அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"அந்தத் துண்டுக்கு இனி ஆள் எடுக்கிறதில்லையாம் புள்ள. ஊர்ச்சனம் நடக்குதுதானே எண்டு எழுதியிருக்கு."

மறுநாள் காலை நாற்பத்திரண்டு பேர் போனார்கள். பாதி பெண்கள். இளம் ஆண்களைச் சிப்பாய்களின் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த எந்த வீட்டுக்கும் துணிவில்லை. அன்னப்பூரணி பிள்ளைகளைப் பூட்டி வைத்துவிட்டுத் தானே வந்தாள். நிலக்காரப் போடியார் வீட்டிலிருந்து கூலிக்கு ஒரு கிழவர் வந்தார். முதலில் மூன்று மைல் தெற்கே நடந்தார்கள். மருதமரத்தடியில் மழைக்குள் ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். மஜீட் தன் பக்கத்தைப் பார்த்து முடித்து வந்து நின்றார். அவருடைய கண்கள் சின்னத்தங்கத்தைத் தேடிப் பிடித்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சிப்பாய்கள் பார்ப்பதைக் கண்டு, தன் புதுக்குடையை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவள் அதைக் கிழவரின் தலைக்கு மேலே பிடித்தாள்.

ரயில் மெதுவாக வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றது. நடக்கச் சொன்னார்கள். நடந்தார்கள். கட்டைகளுக்கு இடையிலும் பக்கத்திலும் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று உத்தரவு. எதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்னப்பூரணி கண்ணிவெடியை நினைத்து ஒவ்வொரு கல்லுக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அவள் பல்லுக்குள் முருகனைக் கூப்பிடுவது கேட்டது.

"எங்ககா கால வைக்கிற? கட்டையில வெச்சு நட மச்சி" என்றாள் சின்னத்தங்கம். "கல்லுக்குள்ள வெச்சா வழுக்கும்."

"நீ பழகினவள். எனக்கு நெஞ்சு அடைக்குதுகா."

எஞ்சின் பத்துப் பாகம் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. அதன் சூடு முதுகில் பட்டது. மதகைத் தாண்டும்போது சனம் ஒரே இடத்தில் நெருங்கி நின்றது. கிழவர் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் கூவியது. அவரை இருவர் கைப்பிடியில் தூக்கி நடத்தினார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கூவியது. படியில் நின்ற சிப்பாய் கையை முன்னால் வீசி வீசிக் காட்டினான்.

"என்னவாம்?" என்று கிழவர் கேட்டார்.

"நேரம் பிந்திட்டுதாம்" என்று யாரோ சொன்னார்கள். "கெதியா நடக்கட்டாம்."

நாற்பத்திரண்டு பேரும் அரை ஓட்டமாக நடந்தார்கள். கேற்றுக்கு அரை மைல் இருக்கும்போதே விசில் அடித்து, விலகச் சொன்னார்கள். பாதையின் இருபுறமும் சரிவில் இறங்கினார்கள். சரிவுக்குக் கீழே நிற்க இடமில்லை. வயல்தான், முழங்கால் தண்ணீர். அதற்குள் நின்றுகொண்டு மூச்சு வாங்கினார்கள். பின்னேர வண்டிக்கு நாலு மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று ஒரு சிப்பாய் நான்கு விரலைக் காட்டினான்.

எஞ்சின் அவர்களைத் தாண்டியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வேகம் பிடித்தன. சக்கரங்களிலிருந்து தெறித்த சேற்றுத் தண்ணீர் முகத்தில் அடித்தது. மழைக்காக ஜன்னல்களை இறக்கிவிட்டுச் சனம் கண்ணாடிக்குள் அசைந்துகொண்டு போனது. கடைசிக்கு முந்திய பெட்டியில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் தலையை வெளியே நீட்டினார். மழைக்குள், தண்ணீருக்குள், வரிசையாக நிற்கும் பெண்களையும் கிழவரையும் கண்டு அவருடைய முகம் இரங்கியது. கையை வெளியே போட்டு முன்னால் காட்டினார்.

"இதில கோச்சி நிக்காது!" என்று காற்றுக்கு மேலால் கத்தினார். "ஏறுறதெண்டா ஸ்ரேசனுக்குப் போங்க! ஸ்ரேசனுக்கு!"